நடுவழியில் டயர் போனால்: முதல்முறை ஸ்டெப்னி மாற்றுபவர்களுக்கு

காரோட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் டயர் மாற்றக் கற்றுக்கொடுப்பது அபூர்வம். உரிமம் வாங்கி, வண்டியும் வாங்கி, ஒரு நாள் நடுவழியில் டயர் உட்கார்ந்த பிறகுதான் டிக்கியைத் திறந்து ஜாக்கி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிக்கிறோம். கடினமான வேலை ஒன்றும் இல்லை. பழகியவர் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார், புதியவருக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம்.

ஆனால் ஆயிரம் கிலோவைத் தாண்டிய வண்டியை ஒரு சின்ன ஜாக்கியின் தலையில் தூக்கி நிறுத்தப் போகிறோம். அதுவும் பெரும்பாலும் மற்ற வண்டிகள் விரையும் சாலையோரத்தில். வண்டி ஜாக்கியிலிருந்து சரியலாம், அல்லது பின்னால் வருபவர் நம்மைக் கவனிக்காமல் மோதலாம். உயிருக்கு ஆபத்து இந்த இரண்டில்தான். நட்டைக் கழற்றி மாட்டுவதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எனவே நட்டில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டயர் போனது தெரிந்ததும்

காற்று மெல்ல இறங்கினால் ஸ்டீரிங் கனக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், சக்கரத்திலிருந்து தடதடவென்று சீரான சத்தம் வரும். டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதி உள்ள வண்டிகளில் இதற்கெல்லாம் முன்பே முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். வேகத்தில் போகும்போது டயர் வெடித்தால் கதை வேறு. முன் டயர் என்றால் ஸ்டீரிங் கையைவிட்டுப் பிடுங்கப் பார்க்கும். பின் டயர் என்றால் வண்டியின் பின்பக்கம் ஆடும்.

அந்த நொடியில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஒரு சக்கரத்துக்குச் சரியான பிடிமானம் இல்லாதபோது பலமாகப் பிரேக் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டீரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். நன்றாகக் குறைந்த பிறகு இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டு, ஓரத்துக்கு வாருங்கள்.

எங்கே நிறுத்துவது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டயர் போன இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். ‘காற்றில்லாமல் ஓட்டினால் ரிம் போய்விடும்’ என்று யாரோ சொன்னது மனதில் ஓடும். அது உண்மைதான். காற்றில்லாத டயர் ஓட ஓட அதன் பக்கச்சுவர் நசுங்கிக் கிழியும், ரிம்மும் வளையலாம். ஆனாலும் வளைவிலோ பாலத்தின் மேலோ நிற்பதைவிட, நடக்கிற வேகத்தில் இன்னும் சில நூறு மீட்டர் உருட்டிக்கொண்டு போய் நல்ல இடத்தில் நிறுத்துவதே மேல். டயரும் ரிம்மும் கடையில் கிடைக்கும்.

நல்ல இடம் என்றால் மூன்று குணங்கள் வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், பின்னால் வருபவர்களுக்குத் தூரத்திலிருந்தே நம் வண்டி தெரிய வேண்டும். மணலும் புதுமண்ணும் ஈரப் புல்தரையும் ஆகாது, ஜாக்கி உள்ளே இறங்கிவிடும். மேட்டைத் தாண்டியவுடன் வரும் இறக்கமும் ஆகாது, ஏறி வருபவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். வாகன நிறுத்தமோ, பெட்ரோல் நிலையமோ, கிளைச்சாலையோ பக்கத்தில் இருந்தால் தயங்காமல் அதற்குள் போய்விடுங்கள்.

அதிவேகச் சாலையில், வண்டிகள் போகும் பக்கத்துச் சக்கரம் பஞ்சரானால் நீங்கள் மாற்றவே முயலாதீர்கள். அந்த நட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் உங்கள் முதுகுக்கும் ஓடும் லாரிக்கும் இடையே ஒரு கைநீளம்கூட மிஞ்சாது. வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, சாலை உதவிக்கு அழைப்பதே சரி. காத்திருக்கும்போது வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. பின்னால் ஏதாவது மோதினால் உங்கள் வண்டியே உங்கள் மேல் ஏறும்.

வண்டி நகரக் கூடாது

நிறுத்தியவுடன் நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னும் அபாய விளக்கைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். கையால் கியர் மாற்றும் வண்டியென்றால் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ, ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யிலோ வையுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். எல்லாரும் இறங்கட்டும். தூங்கும் குழந்தையையும் எழுப்பி இறக்கித்தான் ஆக வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது.

ஹேண்ட் பிரேக்கும் கியரும் போட்டாகிவிட்டது, இனி வண்டி நகராது என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கியரும் ‘பி’யும் எஞ்சின் சுழற்றுகிற சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், சிறிய கார்களில் அவை பெரும்பாலும் முன்சக்கரங்கள். அந்த முன்சக்கரங்களில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) காரணமாக, தரையில் இருக்கும் மற்றொன்று தாராளமாகச் சுழல முடியும். அதாவது கியர் போட்டதில் இருந்த பிடி போய்விட்டது, ஹேண்ட் பிரேக் ஒன்றை நம்பித்தான் வண்டி நிற்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கினாலோ ஹேண்ட் பிரேக்கின் பிடியில் பாதி காற்றில் தொங்குகிறது.

அதனால்தான் முட்டுக் கொடுக்க வேண்டும். தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கிற சக்கரத்தின் முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ வைத்து நன்றாக அணைத்துவிடுங்கள். முன்பக்க வலது சக்கரத்தை மாற்றுகிறீர்கள் என்றால் பின்பக்க இடது சக்கரத்துக்கு முட்டு. உருண்டைக் கல் உதவாது, தட்டையான முகம் உள்ளதைத் தேடுங்கள். சரிவில் வண்டியைத் தூக்கவே கூடாது. முட்டு இருக்கிறதே என்று அங்கே துணிய வேண்டாம்.

அடுத்தது எச்சரிக்கை முக்கோணம். சாதாரணச் சாலையில் வண்டிக்குப் பின்னால் 50 மீட்டர் தொலைவில் வையுங்கள், அறுபது எழுபது எட்டுகள் வரும். வேகமான சாலை என்றால் 100 மீட்டராவது வேண்டும். பக்கத்தில் வளைவு இருந்தால் அதற்கு முன்னாலேயே தெரியும்படி வைக்க வேண்டும். முக்கோணத்தை விரித்து, அதன் சிவப்பு முகம் எதிரே வருபவர்களுக்குத் தெரியும்படி மார்புக்கு நேராகப் பிடித்தபடி சாலையின் விளிம்பிலேயே நடந்துபோங்கள். போகும்போதும் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும். சில நாடுகளில் அதிவேகச் சாலையில் முக்கோணம் வைக்க இறங்கி நடப்பதே ஆபத்து என்று வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் ஓட்டும் நாட்டின் விதி என்ன என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் மேலங்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பகலிலும்தான்.

டிக்கியில் என்ன இருக்கிறது

பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னி டிக்கியின் தரைவிரிப்புக்குக் கீழே, நடுவில் ஒரு பெரிய திருகால் இறுக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றியோ பக்கச்சுவரிலோ ஜாக்கி, ஜாக்கிக் கைப்பிடி, வீல் ஸ்பேனர் ஆகியவை இருக்கும். கூடவே ஒரு இரும்பு வளையமும் இருக்கலாம். அது வண்டியைக் கட்டி இழுப்பதற்கானது, இப்போது தேவையில்லை. பெரிய வண்டிகள் சிலவற்றில் ஸ்டெப்னி வண்டியின் அடிவயிற்றில் கம்பிவடத்தில் தொங்கும். டிக்கிப் பக்கம் இருக்கும் ஒரு துளையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் கீழே இறங்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது, பாதிக் காற்று இருந்தாலும் விரலுக்குக் கல்போலத்தான் இருக்கும். சின்ன அளவுமானி ஒன்று வண்டியில் கிடந்தால் இந்தச் சந்தேகமே வராது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தால், நட்டைத் தொடாமல் உதவிக்கு அழைத்துவிடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் இருக்கும். ரிம் திருடு போகாமல் இருக்கப் போட்ட பூட்டு நட்டு அது. அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு தனிச் சாவி உண்டு, வீல் ஸ்பேனருக்கும் நட்டுக்கும் இடையே பொருத்த வேண்டியது. அது இல்லையென்றால் சக்கரம் கழலாது. பழைய வண்டி வாங்குபவர்கள் முதல் நாளே விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

புது வண்டிகள் பலவற்றில், மின்சாரக் கார்களில் இன்னும் அதிகமாக, ஸ்டெப்னியே இருப்பதில்லை. பதிலுக்கு ஒரு சின்னக் காற்றடிக்கும் கருவியும் ஓட்டையை அடைக்கும் திரவமும் கொடுத்திருப்பார்கள். ஆணி குத்திய சிறு துளைக்கு அது போதும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது.

நட்டை எப்போது தளர்த்துவது

வண்டியைத் தூக்குவதற்கு முன்னால். தூக்கிய பிறகு பலமாக நெம்பினால் சக்கரமும் கூடவே சுழலும், அதைவிட மோசமாக, நீங்கள் கொடுக்கும் அழுத்தம் வண்டியை ஜாக்கியிலிருந்தே தள்ளிவிடலாம். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது தரையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் வீல் கப் இருந்தால் விளிம்பில் நெம்பி எடுத்துவிட்டு, ஸ்பேனரை நட்டில் கடைசிவரை நுழையுங்கள். பாதி நுழைந்த ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். சக்கரத்தைப் பார்த்தபடி நிற்கும்போது ஸ்பேனரின் கைப்பிடி உங்களுக்கு இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். கீழ்நோக்கி அழுத்தினால் நட்டு கழலும் திசை அதுதான், உங்கள் உடல் எடையும் உதவிக்கு வரும்.

நட்டு அசையாவிட்டால் கைக்குப் பலமில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணக் கார்களின் நட்டுகளை வண்டிக்கேற்ப ஏறத்தாழ 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால் 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பட்டறையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். துரு பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே பாதத்தை வைத்து அழுத்துங்கள், ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடையை ஏற்றுங்கள். ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

வண்டியோடு தரும் குட்டி ஸ்பேனரை எனக்குப் பிடிக்காது. நீட்டிச் சுருக்கும் கைப்பிடியுள்ள ஸ்பேனர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. கைப்பிடி இரண்டு மடங்கு நீண்டால் கொடுக்க வேண்டிய அழுத்தம் பாதியாகிவிடும். ஒல்லியான உடம்புக்காரர்களும் வயதானவர்களும் தனியாக இந்த வேலையைச் செய்ய முடிவது அப்போதுதான்.

எல்லா நட்டையும் அரைச்சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று தளர்த்தினால் போதும். இப்போதே கழற்றக் கூடாது.

ஜாக்கியை எங்கே வைப்பது

கண்ட இடத்தில் வைத்தால் அடித்தகடு உள்ளே அமுங்கும், அல்லது ஜாக்கி வழுக்கும். காரின் பக்கவாட்டில் கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பின் அடியில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், ஜாக்கிக்கென்றே உறுதிப்படுத்திய இடங்கள் இருக்கும். விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகளோ ஒரு முக்கோணக் குறியோ அதைக் காட்டும். இருட்டில் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். ஜாக்கியின் தலையில் இருக்கும் பள்ளத்துக்குள் அந்த விளிம்பு உட்கார வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தின் மேலோ, எஞ்சினுக்கு அடியில் உள்ள தட்டின் மேலோ வைக்காதீர்கள். மின்சாரக் கார்களில் பேட்டரி வண்டியின் தரை முழுக்கப் பரவியிருப்பதால், குறித்த இடத்தைவிட்டு விலகினால் பேட்டரியின் உறையே நசுங்கும். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளைத் தூக்குவதற்கு முன் அதற்கென உள்ள ஜாக்கி நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் சந்தேகம் இருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையைப் போடுங்கள். ஓரடிக்கு ஓரடி அளவில் கனமான பலகை ஒன்று டிக்கியில் கிடந்தால் ஆயுளுக்கும் உதவும். செங்கல் வேண்டாம், அது அழுத்தத்தில் நொறுங்கும்.

ஜாக்கியின் தலை விளிம்பைத் தொடும்வரை கையாலேயே திருகி, எழுந்து நின்று முன்னும் பக்கவாட்டிலும் பாருங்கள். செங்குத்தாக நிற்கிறதா? இல்லையென்றால் இறக்கித் திரும்ப வையுங்கள். பிறகு கைப்பிடியை மாட்டிச் சுற்றுங்கள். வண்டியின் எடை ஜாக்கியில் ஏறியதும், சக்கரம் தரையைவிட்டுக் கிளம்புவதற்கு முன், மறுபடி ஒருமுறை பாருங்கள். சாய்கிற ஜாக்கி இந்த நிலையிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். கொஞ்சம் சாய்ந்தால் பரவாயில்லை என்று தொடராதீர்கள்.

வண்டி உயரத் தொடங்கியதும் ஸ்டெப்னியைப் படுக்கைவாட்டில், ஜாக்கிக்குப் பக்கத்தில், வண்டியின் விளிம்புக்குக் கீழே தள்ளிவையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி முழுதாகத் தரையில் விழாமல் அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். எப்படியும் வண்டிக்கு அடியில் எப்போதும் ஒரு சக்கரம் கிடக்க வேண்டும், உங்கள் கையோ காலோ தலையோ போகவே கூடாது. கீழே உருண்டுபோன நட்டை எடுப்பதானாலும் குச்சியாலோ ஸ்பேனராலோ இழுத்து எடுங்கள்.

பஞ்சரான டயர் தரையைவிட்டு இரண்டு மூன்று செ.மீ. எழுந்தால் அதைக் கழற்றிவிடலாம். மாட்டப்போகும் டயரில் முழுக் காற்று இருப்பதால் அதற்கு இன்னும் சில செ.மீ. இடம் தேவைப்படும். அதையும் கணக்கில் வைத்து இப்போதே தூக்கிவிடுங்கள். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம், உயர உயர ஜாக்கியின் நிலைத்தன்மை குறையும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

நட்டுகளை மேலே இருப்பதைக் கடைசியாக வைத்துக் கழற்றி, வீல் கப்பிலோ துணியிலோ ஒன்றாகப் போடுங்கள். சக்கரத்தின் இரண்டு பக்கங்களையும் பிடித்து நேராக உங்களை நோக்கி இழுங்கள். அடியில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், வண்டி இறங்கினால் விரல் மாட்டிக்கொள்ளும். சக்கரம் பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ இருக்கும், முழங்கால் போட்டு உட்கார்ந்து எடுத்தால் இடுப்பு தப்பும்.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வர மறுக்கிறதா? ரிம்மும் நடுவே உள்ள ஹப்பும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைத்தும் உலுக்கியும் பார்ப்பதுதான் பலருடைய வழக்கம், அது கூடாது. நட்டுகளை மறுபடி மாட்டி, முழுதாக இறுக்காமல் ஒரு சுற்று தளர்வாக விட்டு, வண்டியை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். வண்டியின் எடையே துருப் பிடியை உடைத்துவிடும். பிறகு திரும்பத் தூக்கினால் சக்கரம் கையோடு வரும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஸ்டெப்னியைக் காற்றடிக்கும் வால்வு வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளுக்கு நேராக ரிம்மின் துளைகளைக் கொண்டுவாருங்கள். தூக்கிப் பொருத்துவது சிரமமாக இருந்தால் டயருக்கு அடியில் ஸ்பேனர் கம்பியை நுழைத்து நெம்புங்கள். சில வண்டிகளில் ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் எதுவும் இருக்காது. நட்டுக்குப் பதில் போல்ட்டையே ரிம் வழியாக உள்ளே திருக வேண்டும். சக்கரத்தை ஒரு கையால் தாங்கியபடி துளைக்கு நேர் வைப்பது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். மேல் துளையில் ஒரு போல்ட்டை முதலில் பிடித்துவிட்டால் சக்கரம் அதில் தொங்கிக்கொள்ளும், மற்றவை சுலபம்.

நட்டின் கூம்பான முனை ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். மரை சரியாக விழுந்தால் நட்டு இரண்டு விரலுக்கே ஓடும். முரண்டு பிடித்தால் ஸ்பேனரை எடுக்காமல், கழற்றித் திரும்ப வைத்துப் பாருங்கள், கோணலாக ஏற்றிய நட்டு மரையைத் தின்றுவிடும். நட்டிலும் போல்ட்டிலும் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். உராய்வு குறைந்துவிடுவதால், அதே அழுத்தத்தில் நட்டு அளவுக்கு மீறி இறுகிப் போல்ட் நீளும்.

எல்லா நட்டுகளையும் கையாலும் பிறகு ஸ்பேனரால் லேசாகவும் இறுக்கியதும், வண்டிக்கு அடியில் கிடக்கும் பழைய சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டு ஜாக்கியை இறக்குங்கள். டயர் தரையைத் தொட்டு, இனி சுழலாது என்ற நிலையில் நிறுத்தி, இப்போது பலமாக இறுக்குங்கள். வரிசையாக அல்ல, எதிரெதிராக. நான்கு நட்டு இருந்தால் ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேரெதிரே இருப்பதை. ஐந்து இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவதைப்போல. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் ரிம் ஹப்பில் சாய்வாக உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த சக்கரத்தின் நட்டு ஓட்டத்தில் தளரும். வண்டியை முழுதாக இறக்கி ஜாக்கியை எடுத்த பிறகு அதே வரிசையில் இன்னொரு சுற்று இறுக்குங்கள். இந்தக் கடைசிச் சுற்றுக்குக் கையின் முழுப் பலம் போதும். கழற்றும்போது பாதத்தால் அழுத்தினோமே என்று இறுக்கும்போதும் அப்படிச் செய்ய வேண்டாம்.

முட்டுக் கற்களைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துங்கள், பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் ஏறிவிடக் கூடாது. முக்கோணத்தைக் கடைசியாக எடுங்கள்.

ஸ்டெப்னியில் எவ்வளவு தூரம் போகலாம்

மற்ற நான்கு டயர்களின் அதே அளவில் ஸ்டெப்னி இருந்தால், காற்றைச் சரிபார்த்துக்கொண்டு வழக்கம்போலப் போகலாம். ஒல்லியாக, வேறு நிற ரிம்மோடு இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். அதன் பக்கச்சுவரில் அளவு ‘டி’ (T) என்ற எழுத்தில் தொடங்கும். இடத்தையும் எடையையும் மிச்சப்படுத்தச் செய்தது என்பதால் பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.தான் அதன் உச்ச வேகம், அதன் மேலேயே எழுதியிருக்கும். காற்றும் அதற்கு அதிகம் வேண்டும். சாதாரணக் கார் டயருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. போல இருந்தால், இதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. அதைப் போட்டுக்கொண்டு மழையில் பிரேக்கை நம்பாதீர்கள். பிடிமானம் குறைவு, வளைவில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். நேராக டயர் கடைக்குத்தான் போக வேண்டும், ஊர் சுற்றக் கூடாது.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர் பஞ்சரானால் கொஞ்சம் கூடுதல் வேலை செய்வதை நான் விரும்புவேன். தற்காலிகச் சக்கரத்தைப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்த நல்ல சக்கரத்தை முன்னால் கொண்டுவரலாம். இழுக்கிற, திருப்புகிற, அதிகமாகப் பிரேக் பிடிக்கிற வேலை மூன்றும் முன்சக்கரங்களுக்குத்தான். அளவு வேறுபடும் சக்கரம் அங்கே இருந்தால் டிஃபரன்ஷியலும் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். ஆனால் இதற்கு ஜாக்கியை இரண்டு முறை போட வேண்டும். இருட்டோ நெரிசலோ என்றால் விட்டுவிடுங்கள், மெதுவாகப் போய்ச் சேருங்கள்.

கிளம்பியதும் முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, சத்தமோ நடுக்கமோ வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உடனே நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, ஒன்றும் தெரியாவிட்டாலும், நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே இருந்த துருவும் தூசியும் நசுங்கி இடம் விட்டிருக்கும்.

பஞ்சரான டயரில் ஆணி தெரிந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோங்கள், ஓட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்காது. டயர் தரையில் உருளும் பகுதியின் நடுவில் விழுந்த, 6 மி.மீ.க்கு மிகாத துளையைப் பொதுவாகச் சரிசெய்யலாம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளிருந்து ஒட்டுவதுதான் நிலையான வழி. வெளியிலிருந்து ரப்பர்த் திரியைச் செருகுவது அவசரத்துக்கு மட்டும் ஆகும். பக்கச்சுவரில் வெட்டு விழுந்திருந்தால் அந்த டயரை மறந்துவிடுங்கள், யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும். காற்றில்லாமல் நீண்ட தூரம் ஓடிய டயரையும் உட்பக்கம் பார்க்காமல் திரும்ப மாட்டக் கூடாது.

பஞ்சர் ஆவதற்கு முன்னால்

ஒரு விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில், மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, ஒரு சக்கரத்தை முழுதாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கிக் குறி எங்கே, கைப்பிடி எப்படி மாட்டுகிறது, எந்த நட்டு அசைய மறுக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அசையாத நட்டைப் பட்டறையில் தளர்த்தி, அளவு காட்டும் ஸ்பேனரால் சரியான விசையில் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

டிக்கியில் கையுறை, தலையில் மாட்டும் டார்ச், முழங்காலுக்குப் போட ஒரு பழைய பாய், அந்தப் பலகை, தட்டையான இரண்டு கட்டைகள் ஆகியவை இருக்கட்டும். கைபேசியின் விளக்கு போதும் என்று நினைப்பவர்கள், அதை எந்தக் கையால் பிடிப்பது என்று யோசித்துப் பார்க்கலாம். உதவிக்கு அழைக்கவும் அதே பேட்டரிதான்.

ஓடாத டயருக்கும் வயதாகும். பக்கச்சுவரில் நீளமாக ஓடும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிக்கி இருட்டில் புதுசுபோல மின்னும் ஸ்டெப்னிக்குப் பத்து வயது ஆகிவிட்டதென்றால் மாற்றிவிடுங்கள். மற்றபடி மாதம் ஒருமுறை காற்று பார்க்கும்போது, கையேட்டில் உங்கள் வண்டிக்குச் சொல்லியிருப்பதில் அதிகபட்ச அளவுக்கு அதையும் நிரப்பச் சொல்லுங்கள். வழியில் கூடுதல் காற்றை இறக்கிக்கொள்ளலாம், இல்லாத காற்றை ஏற்ற முடியாது. டிக்கியை நீங்களே திறந்து காட்டுங்கள், கேட்காவிட்டால் நான்கு டயரோடு அனுப்பிவிடுவார்கள்.